அமெரிக்கச் சாலைப் பயணத்தில் உள்ளூர் டைனர், பர்கர் கடை: தேடிப் பிடிக்கும் வழி

அமெரிக்க இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலையில் ஒவ்வொரு எக்ஸிட்டுக்கும், அதாவது சாலையிலிருந்து பிரிந்து வெளியேறும் வழிக்கும், சற்று முன்னால் ஒரு நீலப் பலகை நிற்கும். மேலே ‘ஃபுட்’ என்று எழுதி, கீழே நான்கைந்து கடைகளின் லோகோ போட்டிருப்பார்கள். அந்தப் பலகையில் இடம் பிடிக்கக் கடைக்காரர் கட்டணம் கட்ட வேண்டும். எக்ஸிட்டிலிருந்து இத்தனை மைலுக்குள் கடை இருக்க வேண்டும், இத்தனை மணி நேரம் திறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் உண்டு. காலை ஐந்து மணிக்குத் திறந்து மதியம் இரண்டுக்கு மூடும் ஒரு குடும்பக் கடைக்கு இது கட்டுப்படியாகாது. ஆகவே பலகையில் வருவது பெரும்பாலும் செயின் கடைகள்தான். டல்லாஸில் வீட்டுப் பக்கத்தில் சாப்பிடும் அதே பர்கரை அரிசோனாவிலும் சாப்பிட்டுவிட்டு வருவீர்கள்.

அந்த எக்ஸிட்டிலிருந்து இரண்டு மூன்று மைல் ஊருக்குள் போனால் வேறு உலகம். அறுபது எழுபது வருடமாக ஒரே கல்லில் பர்கர் போடும் கடை இருக்கும். காலை ஆறு மணிக்கே விவசாயிகள் காப்பியோடு உட்கார்ந்திருக்கும் டைனர் என்ற எளிய சாப்பாட்டுக் கடை இருக்கும். நாளுக்கு ஒரு வேளையாவது அப்படி ஓர் இடத்தில் சாப்பிடாவிட்டால் அந்த நாட்டின் ஊடாகப் போனதாகவே நான் எண்ணுவதில்லை. கிராண்ட் கேன்யனைப் போல இதுவும் பார்க்க வேண்டிய ஒன்று என்பது என் உறுதியான எண்ணம். புதிதாக அமெரிக்கா வந்து, முதல் நீண்ட பயணத்துக்கு வாடகைக் கார் எடுப்பவர்களுக்கும், ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்புபவர்களுக்கும் இந்த வழிகாட்டி.

பசிப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். பின்சீட்டில் குழந்தை பசி என்று சொன்ன பிறகு தேட ஆரம்பித்தால் கண்ணில் படும் முதல் செயின் கடையில்தான் வண்டி நிற்கும். முந்தின நாள் இரவே, மோட்டலில் படுக்கப் போகும் முன், மறுநாள் காலை எட்டு மணிக்கு எந்த ஊர்ப் பக்கம் இருப்பீர்கள், பதினொன்றரையிலிருந்து ஒரு மணிக்குள் எங்கே இருப்பீர்கள் என்று பாருங்கள். மணிக்கு 70 மைல் என்று எழுதிய சாலையிலும் பெட்ரோல், கழிவறை நிறுத்தங்களைச் சேர்த்தால் சராசரி 60 மைல்தான் வரும். அதை வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டு ஊர்கள் கிடைக்கும். அந்த இரண்டு ஊர்களில் மட்டும் தேடினால் போதும்.

சிற்றூர்க் கடைகளின் நேரம் நமக்குப் பழக்கமில்லாதது. காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் மட்டும் போட்டு, இரண்டு மணிக்குக் கதவைச் சாத்திவிடும் கடைகள் ஏராளம். ஞாயிறு பல கடைகள் விடுமுறை, சில கடைகள் திங்களும். தெற்கு மாநிலங்களில் ஞாயிறு திறந்திருந்தால் சர்ச் முடிந்து வரும் கூட்டம் பன்னிரண்டு மணிக்கு மொத்தமாக இறங்கும். பதினொன்றுக்கே போய்விடுவது உத்தமம். இரவு எட்டு மணிக்கு மேல் சிற்றூரில் உள்ளூர்க் கடை கிடைப்பது அரிது. ஆகவே காலையை டைனருக்கு, மதியத்தை பர்கருக்கு, இரவை எது கிடைக்கிறதோ அதற்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கிழக்கு மேற்காகப் போகிறவர்கள் கடிகாரத்தையும் கவனிக்க வேண்டும். இன்டர்ஸ்டேட் 40 வழியாக நியூ மெக்சிகோவிலிருந்து டெக்சாஸுக்குள் நுழைந்ததும் ஒரு மணி நேரம் போய்விடும். உங்கள் கைக்கடிகாரத்தில் ஒரு மணி என்றால் அங்கே கடை மூடும் இரண்டு மணி ஆகிவிட்டிருக்கும். அரிசோனாவில் கோடைக்கால நேர மாற்றம் கிடையாது, ஆனால் அதே மாநிலத்தில் உள்ள நவஹோ பூர்வகுடிப் பகுதியில் உண்டு.

மேப்பில் காட்டும் நேரத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். எழுபது வயது உரிமையாளர் அதை எப்போது திருத்தினாரோ! காலையில் கடைக்கே போன் போட்டு, இன்று திறந்திருக்கிறீர்களா, கிச்சன் எத்தனை மணி வரை என்று இரண்டே கேள்வி கேளுங்கள். ஐம்பது மைல் வீண் அலைச்சலை ஒரு நிமிடப் பேச்சு மிச்சப்படுத்தும்.

எந்த ஊர் என்று தேர்ந்தெடுப்பது

1956இல் இன்டர்ஸ்டேட் சாலைகளுக்கான கூட்டாட்சிச் சட்டம் வந்தது. புதிய சாலைகள் பல ஊர்களைத் தொடாமல் ஒதுங்கிப் போயின. அதற்கு முன்பிருந்த பழைய ‘யூ.எஸ்.’ நெடுஞ்சாலைகள் ஊரின் நடுத்தெரு வழியாகவே சென்றவை. சாப்பாட்டுக் கடைகள் இருந்ததும் அந்தத் தெருவில்தான், எஞ்சியவை இன்றும் இருப்பதும் அங்கேதான். இன்டர்ஸ்டேட்டின் கேடயச் சின்னம் வழக்கமாக நீலமும் சிவப்புமாக இருக்கும். அதே கேடயம் பச்சை நிறத்தில் ‘பிசினஸ்’ என்று எழுதித் தெரிந்தால், அது ஊருக்குள் போய் மறுபடி இன்டர்ஸ்டேட்டில் வந்து சேரும் வழி. கண்ணை மூடிக்கொண்டு அதில் திரும்பலாம். கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட பழைய சாலைகளில் புகழ்பெற்றது ரூட் 66. சிகாகோவிலிருந்து கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா வரை. 1926இல் எண் பெற்று, 1985இல் அதிகாரப்பூர்வப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஓக்லஹோமாவிலிருந்து அரிசோனா வரை இன்டர்ஸ்டேட் 40 ஏறக்குறைய அதன் ஓரமாகவே ஓடுகிறது. பெயர் அவ்வளவாக அடிபடாத யூ.எஸ். 30, யூ.எஸ். 40, யூ.எஸ். 50 சாலைகளிலும் இதே பலன் உண்டு, கூட்டமும் குறைவு.

ஊர் எதுவென்று தெரியாவிட்டால் கவுன்டியின் (நம் மாவட்டம் போன்றது) தலைநகரைத் தேடுங்கள். அமெரிக்காவில் 3,000க்கும் மேற்பட்ட கவுன்டிகள் இருக்கின்றன, ஏறக்குறைய ஒவ்வொன்றுக்கும் ஒரு கோர்ட் கட்டடம் உண்டு. வக்கீல், குமாஸ்தா, பத்திரம் பதிய வந்த விவசாயி என்று எல்லோரும் மதியம் எங்காவது சாப்பிட்டாக வேண்டும். கோர்ட்டைச் சுற்றியுள்ள நான்கு தெருக்களில் ஒரு கஃபே இருப்பதற்கு வாய்ப்பு மிக அதிகம். மாட்டுச் சந்தை நடக்கும் ஊர்களில் ஏலக் கொட்டகைக்குள்ளேயே சாப்பாட்டுக் கடை இருக்கும், ஏல நாளில் நன்றாக இருக்கும். சிறு விமான நிலையங்களையும் விட்டுவிடாதீர்கள். சொந்தமாகக் குட்டி விமானம் வைத்திருப்பவர்கள் வார இறுதியில் ஒரு பர்கர் சாப்பிடுவதற்காகவே பக்கத்து ஊருக்குப் பறந்து போவதுண்டு. ஓடுதளத்தின் ஓரத்துக் கஃபேயில் யார் வேண்டுமானாலும் போய்ச் சாப்பிடலாம். குழந்தைகளுக்கு விமானம் இறங்குவதைப் பார்க்கவும் கிடைக்கும்.

மேப்பில் என்ன தட்டுவது

‘ரெஸ்டாரன்ட்’ என்று தேடினால் செயின்தான் கொட்டும். பகுதிக்கு ஏற்ற சொல்லைப் போட வேண்டும். வடகிழக்கில் ‘டைனர்’. அயோவா, நெப்ராஸ்கா, கேன்சஸ் பக்கம் ‘கஃபே’. தெற்கில் ‘மீட் அண்ட் த்ரீ’, அதாவது ஒரு கறி, மூன்று தொட்டுக்கொள்ளும் காய்வகை. பர்கருக்கு ‘டிரைவ்-இன்’, ‘கிரில்’, ‘டேவர்ன்’. ஐஸ்கிரீமும் பர்கரும் சேர்ந்து விற்கும் கோடைக்காலக் கடைகளின் பெயரில் ‘டெய்ரி’, ‘ஃப்ராஸ்டி’ என்று வரும். குளிர்காலத்தில் இவை பூட்டிக் கிடக்கும்.

வடகிழக்கின் டைனர்களுக்குத் தனி வரலாறு. ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் 1872இல் வால்டர் ஸ்காட் என்பவர் குதிரை வண்டியில் இரவுச் சாப்பாடு விற்றதிலிருந்து தொடங்குகிறது அது. பிறகு நியூ ஜெர்சியிலும் மாசசூசெட்ஸின் வூஸ்டரிலும் தொழிற்சாலைகள் முழு டைனரையே கட்டி ரயிலிலும் லாரியிலும் அனுப்பின. சாலையில் எடுத்துச் செல்லும் அளவுக்குள் அடங்க வேண்டியிருந்ததால்தான் பழைய டைனர்கள் ஒடுக்கமாக, நீளமாக, ரயில் பெட்டியின் சாயலில் இருக்கின்றன. பாடக்கெட் நகரின் மாடர்ன் டைனர் 1978இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் ஏறியது. டைனர் ஒன்று அதில் இடம்பெற்றது அதுவே முதல்முறை. எடிசன் பக்கம் வீடு எடுத்திருக்கும் நம் ஆட்கள் இதற்காகப் பயணம் போகவே வேண்டாம், நியூ ஜெர்சியில் தடுக்கி விழுந்தால் டைனர்.

ரிவ்யூவைப் படிக்கும்போது நட்சத்திரத்தின் புள்ளிக் கணக்கில் மனதைச் செலுத்தாதீர்கள். புதியது முதலில் வரும்படி மாற்றிவிட்டு, குறை சொல்பவர்கள் எதைக் குறை சொல்கிறார்கள் என்று பாருங்கள். ‘கார்டு வாங்கவில்லை’, ‘இடம் பழசு’, ‘காத்திருக்க வேண்டியிருந்தது’ என்றால் எனக்கு அவை நல்ல அறிகுறிகள். ‘அழுக்கு’, ‘ஊசிப்போனது’ என்று இரண்டு பேர் சொல்லியிருந்தால் விட்டுவிடுவேன். மெனுவைப் படம் எடுத்துப் போட்டிருப்பார்கள். ஒரே பக்க மெனு, கிழமைக்கு ஒரு ஸ்பெஷல், மாவுக்குள் பழம் வைத்துச் சுடும் ‘பை’ என்ற இனிப்புக்குக் கையால் எழுதிய பட்டியல் இருந்தால் பெரும்பாலும் ஏமாற்றம் இருக்காது. நீண்ட மெனு என்றால் சந்தேகப்படலாம், ஆனால் நியூ ஜெர்சி, நியூயார்க் டைனர்களுக்கு இது பொருந்தாது. அங்கே பல டைனர்களைக் கிரேக்கக் குடும்பங்கள் நடத்துகின்றன, பத்துப் பன்னிரண்டு பக்க மெனு அவர்களின் வழக்கம்.

நம்பகமான பட்டியல் வேண்டுமென்றால் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளை 1998 முதல் ‘அமெரிக்காஸ் கிளாசிக்ஸ்’ என்ற விருதை உள்ளூர்க்காரர்கள் நடத்தும் பழைய கடைகளுக்கு வழங்கி வருகிறது. மாநிலச் சுற்றுலாத் துறைகளின் தளங்களும் உதவும். பச்சை மிளகாய் சீஸ்பர்கர் கடைகளுக்கென்றே நியூ மெக்சிகோ ஒரு தடம் வகுத்து வெளியிட்டிருக்கிறது.

இதையெல்லாம் முந்தின இரவே பார்த்து, கடைகளை மேப்பில் குறித்து, அந்தப் பகுதியின் மேப்பைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நெவாடாவில் யூ.எஸ். 50 போன்ற சாலைகளில் நீண்ட நேரம் சிக்னலே இருக்காது.

நேரில் விசாரிப்பது

‘இங்கே நல்ல ரெஸ்டாரன்ட் எது?’ என்று கேட்டால், வெளியூர்க்காரர்களுக்கு எது பிடிக்கும் என்று அவர்களாக ஊகித்துச் சொல்வார்கள். ‘நாளைக் காலை நீங்கள் சாப்பிடப் போவதாக இருந்தால் எங்கே போவீர்கள்?’ என்று கேளுங்கள். பதில் மாறும், சிலர் எதைச் சாப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். பெட்ரோல் பங்கின் கவுன்டரில், ஹார்டுவேர் கடையில், நூலகத்தில் கேட்கலாம். தயங்க வேண்டாம். சிற்றூர்களில் இந்தக் கேள்வியை எதிர்பார்த்து நிற்பவர்களைப் போல ஆர்வமாகப் பதில் சொல்கிறார்கள்.

மோட்டல் முன்மேசையில் கேட்பது நமக்குக் கூடுதல் பயன். அமெரிக்க மோட்டல்களில் ஏராளமானவற்றை நடத்துபவர்கள் குஜராத்திகள், அவர்களில் பலர் சைவம். எந்தக் கடையில் எதை நம்பிச் சாப்பிடலாம் என்று அவர்களைவிட நன்றாகச் சொல்ல அந்த ஊரில் ஆள் கிடையாது.

கடை வாசலுக்கு வந்த பிறகு வாகன நிறுத்தத்தை ஒரு பார்வை பாருங்கள். உள்ளூர் பிக்கப் டிரக்குகளும் போலீஸ் வண்டியும் நின்றால் இறங்கலாம். வயோமிங், மொன்டானா மாநிலங்களில் நம்பர் பிளேட்டின் முதல் எண்ணே எந்தக் கவுன்டி வண்டி என்று காட்டிவிடும். எல்லா வண்டியிலும் ஒரே எண் இருந்தால் உள்ளே இருப்பவர்கள் ஊர்க்காரர்கள்தான்.

எந்தப் பக்கம் போனால் எந்த பர்கர்

எல்லா ஊரிலும் பர்கர் உண்டு, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு கைப்பக்குவம் உண்டு. என் மனதுக்கு நெருக்கமானது ஓக்லஹோமாவின் வெங்காய பர்கர். ஓக்லஹோமா சிட்டியிலிருந்து மேற்கே அரை மணி நேரத்தில் வரும் எல் ரீனோ என்ற சிற்றூர்தான் அதன் வீடு. கறி வாங்கக் காசு இல்லாத காலத்தில், மலிவான வெங்காயத்தைச் சேர்த்துக் கறியைப் பெருக்கிய ஏழைச் சமையல் இது. ராபர்ட்ஸ் கிரில் 1926இலிருந்து அங்கே இருக்கிறது. ஜானிஸ், சிட்ஸ் என்று வேறு இரு கடைகளும் நடக்கும் தூரத்தில்.

கவுன்டரில் ஸ்டூல் கிடைத்தால் அதில்தான் உட்கார வேண்டும், கல் கண்முன்னே இருக்கும். சமையல்காரர் கொத்துக்கறியை எலுமிச்சையை விடப் பெரிய உருண்டையாகக் கல்லில் வைப்பார். அதன் மேல் மயிரிழையாகச் சீவிய வெங்காயத்தைக் கைநிறைய அள்ளிக் குவிப்பார். பார்த்தால் கறியை விட வெங்காயம் உயரமாக இருக்கும். பிறகு கனமான தோசைக்கரண்டியின் முதுகால் அழுத்துவார், ஒரே அழுத்தாக இல்லாமல் ஓரம் ஓரமாக, வெங்காயம் கறிக்குள் புதையும்வரை. அடிப்பக்கம் முறுகியதும் புரட்டிப் போட, இப்போது வெங்காயம் கல்லில் படும். கறியிலிருந்து இறங்கும் கொழுப்பிலேயே அது வதங்கி, ஓரங்கள் கருகிப் பழுப்பாகும். மேலே சீஸ், அதற்கு மேல் பன்னின் இரண்டு பாதியையும் கவிழ்த்து வைத்துவிடுவார். வெங்காய ஆவியிலேயே பன் மெத்தென்று ஆகிவிடும். ஊறுகாய் வெள்ளரித் துண்டு இரண்டு, கொஞ்சம் கடுகு சாஸ். வேறு எதுவும் கேட்காதீர்கள், முதல்முறை அவர்கள் கொடுப்பதை அப்படியே சாப்பிடுங்கள்.

மினியாபொலிஸில் சீஸைக் கறிக்கு உள்ளே வைத்து மூடிச் சுடுகிறார்கள், ஜூசி லூசி என்று பெயர். மேட்ஸ் பாரும் 5-8 கிளப்பும் அது எங்களுடையது என்று இன்றுவரை உரிமை கொண்டாடுகின்றன. கொண்டு வந்ததும் கடிக்காதீர்கள். உள்ளே உருகிய சீஸ் நாக்கைப் பொசுக்கிவிடும், சில நிமிடம் ஆறட்டும்.

கனெக்டிகட்டில் நியூ ஹேவனின் லூயிஸ் லஞ்ச் 1900 முதல் பர்கர் போடுவதாகச் சொல்கிறது. பன் கிடையாது, டோஸ்ட் செய்த ரொட்டி. நிற்க வைத்த பழைய இரும்பு அடுப்பில் கறி வேகும். கெட்சப் கேட்டால் கிடைக்காது. அங்கிருந்து வடக்கே மெரிடன் நகரில் டெட்ஸ் என்ற கடை 1959இலிருந்து பர்கரை ஆவியில் வேக வைக்கிறது, சீஸையும் தனியாக ஆவியில் உருக்கி மேலே ஊற்றுகிறார்கள். விஸ்கான்சினில் வெண்ணெய் பர்கர். மில்வாக்கிக்குப் பக்கத்தில் சாலிஸ் கிரில் அதற்குப் பெயர் போனது. வெண்ணெய் தட்டில் வழிந்தோடும், தெரிந்து போங்கள். அயோவாவில் உதிரிக் கொத்துக்கறியைப் பன்னில் அள்ளி வைத்து ஸ்பூனோடு தருவார்கள். யூட்டாவில் பர்கர் மேல் பஸ்ட்ராமி என்ற மசாலா ஏற்றிய மாட்டுக்கறியை அடுக்குவார்கள், உருளை வறுவலுக்கு கெட்சப்பும் மயோனைசும் கலந்த ‘ஃப்ரை சாஸ்’ வரும். மிசிசிப்பியின் கொரிந்த் பக்கம் கறியில் மாவு வகை சேர்த்து எண்ணெயில் பொரித்த ‘ஸ்லக்பர்கர்’. இதுவும் பஞ்ச காலத்துச் சமையல்தான்.

காரத்துக்கு ஏங்கும் நம் நாக்குக்கு நியூ மெக்சிகோவே சொர்க்கம். சுட்டுத் தோலுரித்த பச்சை மிளகாயைப் பொடியாக நறுக்கி சீஸோடு வைத்துத் தருவார்கள். அந்த மாநிலத்தில் சான் அன்டோனியோ என்று ஓர் ஊர் உண்டு (டெக்சாஸின் பெருநகரம் வேறு), அங்குள்ள அவுல் பாருக்கு இதற்காகவே வழி விலகி வருபவர்கள் உண்டு. பல புகழ்பெற்ற பர்கர் கடைகள் உண்மையில் மதுக்கடைகள். குழந்தைகளை அழைத்து வரலாமா, எத்தனை மணி வரை என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும்

வாசலில் ‘ப்ளீஸ் வெயிட் டு பி சீட்டட்’ என்று பலகை இருந்தால் நில்லுங்கள், ‘சீட் யுவர்செல்ஃப்’ என்றால் காலியான இடத்தில் உட்காரலாம். ஒருவர் இருவர் என்றால் கவுன்டர், குடும்பமென்றால் பூத், அதாவது மேசையின் இருபுறமும் சோபா போன்ற இருக்கை போட்ட இடம். காப்பி கேட்டால் கோப்பை காலியாகக் காலியாக ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், அதற்குத் தனிக் காசு இல்லை.

காலை உணவில் சர்வர் அடுக்கும் கேள்விகள்தான் புதியவர்களைத் திணற வைக்கும். ‘முட்டை எப்படி வேண்டும்?’ மஞ்சள் கரு மேலே தெரிய, புரட்டாமல் என்றால் ‘சன்னி சைட் அப்’. புரட்டிப் போட்டு கரு ஓடும்படி என்றால் ‘ஓவர் ஈஸி’, பாதி இறுகினால் ‘ஓவர் மீடியம்’, முழுக்க வெந்தால் ‘ஓவர் ஹார்ட்’. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஓவர் ஹார்டோ, கிளறிய ‘ஸ்கிராம்பிள்டோ’ பிடிக்கும். அடுத்து ரொட்டி: வைட், வீட், ரை, சவர்டோ. அடுத்து உருளைக்கிழங்கு: துருவி முறுக வைத்தது ‘ஹாஷ் பிரவுன்ஸ்’, துண்டாக வதக்கியது ‘ஹோம் ஃப்ரைஸ்’. தெற்கில் இதற்குப் பதில் ‘கிரிட்ஸ்’ தருவார்கள். வெள்ளைச் சோள ரவையில் செய்த, தளரக் கிண்டிய உப்புமா மாதிரி இருக்கும். மேலே மிளகுத்தூளும் வெண்ணெயும் போட்டால் அப்பாக்களுக்குப் பிடித்துவிடும்.

கனமான பர்கர் என்றால் கறி எந்தப் பதம் என்று கேட்பார்கள். கொத்துக்கறி உள்ளே 71 டிகிரி செல்சியஸ், அதாவது 160 டிகிரி ஃபாரன்ஹீட் வரை வேக வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ‘வெல் டன்’ என்றே சொல்லுங்கள். மெல்லியதாக அழுத்திச் சுடும் கடைகளில் இந்தக் கேள்வியே எழாது.

அளவு பெரிது. இரண்டு பேருக்கு ஒரு தட்டு வாங்கி, கூடுதலாக ஒரு காலித் தட்டு கேட்டால் தருவார்கள். மீந்ததைக் கட்டிக்கொள்ள ‘பாக்ஸ்’ என்று கேளுங்கள்.

மாட்டுக்கறி வேண்டாதவர்களும் சைவர்களும்

நம்மில் பலருக்கு இதுதான் உண்மையான கவலை, ஆகவே ஒளிக்காமல் சொல்கிறேன். டைனரில் எல்லாம் ஒரே கல்லில்தான் வேகும். பேக்கன் என்ற பன்றிக்கறிச் சீவலைப் பொரித்த இடத்தில்தான் உங்கள் ஹாஷ் பிரவுன்ஸும் தோசைக்கல் அளவுப் பேன்கேக்கும். காய்கறி பர்கர் மெனுவில் இருந்தாலும், தாவரப் பொருளில் இறைச்சியைப் போன்றே செய்த இம்பாசிபிள் பர்கர் இருந்தாலும் அதே கல்தான். தனி வாணலியில் செய்ய முடியுமா என்று கூட்டமில்லாத நேரத்தில் கேட்டால் சிலர் செய்து தருவார்கள்.

கண்ணுக்குத் தெரியாமல் கறி ஒளிந்திருக்கும் இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ‘பிஸ்கட்’ என்ற மெத்தென்ற சிறு ரொட்டியின் மேல் ஊற்றும் வெள்ளைக் கிரேவியில் பன்றி சாசேஜ் இருக்கும். தெற்கின் பீன்ஸ், கீரை வகைகளைப் பன்றித் துண்டு போட்டு வேக வைப்பார்கள். மெக்சிகன் சாயல் கடைகளின் மசித்த பீன்ஸிலும், பழைய முறைப்படி செய்யும் ‘பை’ மாவிலும் ‘லார்ட்’ என்ற பன்றிக் கொழுப்பு சேரலாம். உருளை வறுவலை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் கடைகளும் உண்டு. ‘வெஜிடேரியனா?’ என்று பொதுவாகக் கேட்டால் மேலே கறித் துண்டு இல்லை என்பதை வைத்து ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். ‘இதை எந்த எண்ணெயில் பொரிக்கிறீர்கள்? பேக்கன், லார்ட் ஏதாவது சேர்க்கிறீர்களா?’ என்று பொருளைச் சொல்லிக் கேளுங்கள். ஹலால் பார்ப்பவர்களுக்கும் இதே கேள்விதான் உதவும்.

கல் பற்றிக் கவலைப்படாதவர்களுக்குப் பேன்கேக், ஆம்லெட், கிரில்டு சீஸ் உண்டு. கல்லையே தவிர்ப்பவர்களுக்கு ஓட்ஸ் கஞ்சி, டோஸ்டரில் போட்ட ரொட்டி, வேகவைத்த முட்டை, பழம். கோழியைக் கொத்தாமல் முழுத் துண்டாகப் பொரித்துப் பன்னில் வைத்தது வேண்டுமானால் ‘சிக்கன் சாண்ட்விச்’ என்று கேட்க வேண்டும். ‘பர்கர்’ என்று சொன்னால் கொத்துக்கறி என்றே எடுத்துக்கொள்வார்கள்.

பாத்திரம் வரை சுத்த சைவம் பார்க்கும் பெரியவர்கள் உடன் வந்தால், சிற்றூர் பர்கர் கடையை அவர்களுக்கான இடமாக நினைக்க வேண்டாம். ஐஸ் பெட்டியில் தயிர்சாதமும் புளியோதரையும் இருக்கட்டும். கடை வாசலின் பிக்னிக் மேசையில் அவர்கள் சாப்பிட, நீங்கள் வாங்கி வந்து உடன் உட்காரலாம். லாரி ஓட்டும் பஞ்சாபிகளை நம்பி இன்டர்ஸ்டேட் 40 போன்ற சாலைகளில் டிரக் ஸ்டாப்புகளுக்குள் தாபாக்கள் வந்திருக்கின்றன. சூடான ரொட்டியும் தாலும் கிடைக்கும். மேப்பில் ‘பஞ்சாபி தாபா’ என்று தட்டிப் பாருங்கள், சைவர்களுக்கு இரவுச் சாப்பாட்டுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பில்லும் டிப்ஸும்

மெனுவில் இருப்பது வரி சேராத விலை. பில்லை மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள், பல டைனர்களில் நீங்களே அதை எடுத்துக்கொண்டு வாசல் கவுன்டரில் கட்ட வேண்டும். ‘கேஷ் ஒன்லி’ கடைகள் இன்னும் இருக்கின்றன, இருபது டாலர் நோட்டுகள் சில கையில் இருக்கட்டும்.

டிப்ஸை விருப்பப்பட்டால் தருவது என்று நினைத்துவிடாதீர்கள். டிப்ஸ் வாங்கும் பணியாளருக்கான கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர், 1991இலிருந்து மாறவில்லை. கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஒரிகன் போன்ற சில மாநிலங்களில் முழுக் கூலியும் கொடுத்தாக வேண்டும், மற்றபடி பல இடங்களில் உங்கள் டிப்ஸ்தான் அவர்கள் வீட்டு வாடகை. பில்லில் 15இலிருந்து 20 சதவீதம் வையுங்கள். எட்டு டாலர் காலைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து நான்கு முறை காப்பி வாங்கியிருந்தால் சதவீதம் பார்க்காமல் மூன்று டாலர் வைப்பதே முறை. கவுன்டரில் வாங்கிக்கொண்டு போகும் கடையில் ஒன்றிரண்டு டாலர் போதும்.

ஒரு மாதிரித் திட்டம்: ஓக்லஹோமா சிட்டியிலிருந்து ஆல்புகர்க்கி

இன்டர்ஸ்டேட் 40இல் சுமார் 540 மைல். ஒரே நாளில் ஓட்டிவிடலாம், ஆனால் சாப்பாட்டுக்காக இரண்டு நாளாகப் பிரிப்பேன். முதல் நாள் காலை பத்து மணிக்குக் கிளம்பி, மதியக் கூட்டம் வருவதற்கு முன் எல் ரீனோவில் வெங்காய பர்கர். அங்கிருந்து மேற்கே டெக்சாஸின் ஷாம்ராக் ஊரில் ‘பிசினஸ்’ வழியில் இறங்கினால் 1936இல் கட்டிய யூ-டிராப் இன் கட்டடத்தைப் பார்க்கலாம். இப்போது அது சுற்றுலா வரவேற்பு மையம். இரவு அமரில்லோவில் தங்கல்.

மறுநாள் காலை முக்கால் மணி நேரத்தில் ஏட்ரியன். ரூட் 66இன் நடுப்புள்ளி இதுதான், இரு முனைக்கும் 1,139 மைல் என்று பலகை வைத்திருக்கிறார்கள். எதிரே உள்ள மிட்பாயின்ட் கஃபே ‘பை’ இனிப்புக்குப் பெயர் பெற்றது, ஆனால் பருவத்துக்குத் தகுந்து திறக்கும் நேரம் மாறும். அமரில்லோவிலிருந்தே போன் போட்டுக் கேட்டுவிட்டு, மூடியிருந்தால் காலைச் சாப்பாட்டை அமரில்லோவிலேயே முடித்துக்கொள்ளுங்கள். அடுத்து நியூ மெக்சிகோ எல்லையில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். டூக்கம்கேரியிலோ சான்டா ரோசாவிலோ ஊருக்குள் போகும் பழைய ரூட் 66இல் மதியத்துக்கு நிறுத்துங்கள். சர்வர் ‘ரெட் ஆர் கிரீன்?’ என்று கேட்பார். அது அந்த மாநிலத்தின் அதிகாரப்பூர்வக் கேள்வி, சிவப்பு மிளகாயா பச்சை மிளகாயா என்று பொருள். இரண்டும் வேண்டுமானால் ‘கிறிஸ்மஸ்’ என்று சொல்ல வேண்டும். பர்கருக்குப் பச்சைதான் சரி. பன்றிக்கறி தவிர்ப்பவர்கள் மட்டும், பச்சை மிளகாயைக் குழம்பாக ஊற்றித் தருகிறார்களா, அதில் பன்றித் துண்டு உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள்.